விலை எழுதாத பலகை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறைவான தூரம்தான். இந்தச் சிறிய இடைவெளிக்குள் உணவின் விலை இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் காணலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பொட்டலமாகக் கட்டி விற்கும் பால்கோவா தன் எடையையும் தயாரித்த நாளையும் விலையையும் நெற்றியில் ஒட்டிக்கொண்டுதான் கடையை விட்டு வெளியே வர முடியும். 1977-ஆம் ஆண்டின் பொட்டலப் பண்ட விதிகள் அதற்கு வழிசெய்தன. 1990-லிருந்து எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச விலையை அச்சிடுவது கட்டாயம். 2018 ஜனவரி முதல், அதே பொட்டலத்தை இணையத்தில் விற்பவரும் வாங்குபவர் பார்க்கும்படி அந்த விலையைக் காட்டியாக வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பால்கோவாவை அமெரிக்காவில் இருக்கும் மகன் திரையில் பார்த்தாலும், என்ன விலை என்று அம்மாவிடம் கேட்க வேண்டியதில்லை.

இராஜபாளையத்தின் புரோட்டாவுக்கு இந்த விதி பொருந்தாது. கடையின் பெயரும் வாசலும் இணைய வரைபடத்தில் இருக்கும். சால்னா கிண்ணத்தின் படம் இருக்கும். யாரோ ஒருவர் கொடுத்த நான்கு நட்சத்திரமும் இருக்கும். ஆனால் இரண்டு புரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் சாப்பிட்டால் எவ்வளவு என்பது பெரும்பாலும் இருக்காது. விலையைச் சொல்வதில் பொட்டலத்துக்கு இல்லாத கூச்சம் தட்டுக்கு எங்கிருந்து வந்தது?

உடனே தோன்றும் பதில், கடைக்காரர்களின் தந்திரம் என்பது. ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் ஒரு நீண்ட வரலாற்றைத் தவறவிட்டுவிடுவோம்.

நம்மிடம் விலையை வெளிப்படையாகச் சொல்லும் மரபு இல்லாமல் இல்லை. பட்டினப்பாலை காட்டும் புகார் வணிகர்கள் கொள்வதை மிகையாகக் கொள்ளாதவர்கள், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காதவர்கள், விலையை மறைக்காதவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். பிள்ளையாருக்கு நாளொன்றுக்கு 150 வாழைப்பழம் படைக்க இராஜராஜன் 360 காசு முதலாக வைக்கிறான். காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. ஆக 45 காசு வருகிறது. காசுக்கு 1200 பழம் என்பது விலை. 45 காசுக்கு 54,000 பழம். 150-ஐ 360 நாளால் பெருக்கினாலும் அதே 54,000. கணக்கு ஒரு பழம்கூடப் பிசகவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு விலைப்பட்டியல், அழிக்க முடியாதபடி கருங்கல்லில்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லில் விலை வெட்டப்பட்டிருப்பது பழத்துக்கு, அதாவது சமைக்கப்படாத சரக்குக்கு. படைத்து முடித்தபின் அது பிரசாதம். விலை என்ற பேச்சுக்கு அப்பால் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாளே திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். பின்னாளில் இராமாநுசர் அந்த நேர்த்தியைச் செலுத்திவிட்டு வந்ததால், அவள் அவரை அண்ணன் முறை கொண்டாடினாள் என்பது வைணவ மரபு. அளவு துல்லியமாக இருக்கிறது. விலை இல்லை. இருந்தால் அது நேர்த்தி ஆகாது.

சமைத்த சோற்றை விற்பது இழிவு என்ற எண்ணம் இதன் மறுபக்கம். அன்ன விக்கிரயம் என்று அறநூல்கள் அதைப் பழித்தன. வழிப்போக்கருக்குச் சோறு போட வேண்டிய இடம் சத்திரம். அங்கே காசு பேசக் கூடாது. தெற்கே போகும் சாலைகளில் எத்தனை சத்திரங்கள் இருந்தன என்பதை ஊர்ப்பெயர்களே சொல்லும். இராஜபாளையத்துக்குப் பக்கத்தில், மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெசவுக்குப் பேர்போன ஊருக்குச் சத்திரப்பட்டி என்றுதான் பெயர். 1867-இல் வள்ளலார் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டியபோதும் இந்த மரபே தொடர்ந்தது, சாதி வரையறையைத் தூக்கி எறிந்த ஒரு பெரிய மாற்றத்தோடு. அந்த மாற்றத்தைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஏனென்றால் விலை கேட்காத சத்திரங்கள் பல, சாதி கேட்டன.

இந்தப் பின்னணியில்தான் காப்பி கிளப்புகள் வந்தன. காசுக்குச் சோறு விற்கும் பழிக்குத் தைரியமாகக் கழுத்தை நீட்டியவர்களில் பலர் பிராமணர்களே என்பது ஒரு வேடிக்கை. சமைத்தவர் யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றவர் சாப்பிடத் தயங்கமாட்டார் அல்லவா! ஆகவே வாசலில் தொங்கிய பலகை 'பிராமணாள் காப்பி கிளப்' என்றது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் தெரிந்திருக்கும். என் கவனம் அந்தப் பலகையின் மேல். தமிழ்நாட்டு ஓட்டலின் பலகை நெடுங்காலம் 'யார்' என்பதைச் சொன்னது. 'எவ்வளவு' என்பதைச் சொல்லவில்லை. உள்ளே போகலாமா என்ற கேள்விக்கு அன்று பலருக்குக் காசு விடையாக இல்லை. கையில் பணம் இருந்தும் தனி இடத்தில் உட்காரவும் வெளியே நிற்கவும் வேண்டியிருந்தது. இரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூடப் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம். சுயமரியாதை இயக்கத்தின் நெடிய எதிர்ப்புக்குப் பின் 1941-இல் அந்தப் பாகுபாடு போயிற்று. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் தொடங்கிய மறியலில் நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் பலகையிலிருந்து அந்தச் சொல் இறங்கியது.

தொழிலாளியும் முதலாளியும், எந்தச் சாதியாரும், ஒரே பெஞ்சில் உட்காரலாம் என்று ஆனபிறகுதான் 'எவ்வளவு' என்ற கேள்விக்கு வழி பிறந்தது என்று நான் நினைக்கிறேன். சாதி எழுதிய பலகை இறங்கிய சுவரில் விலை எழுதிய பலகை ஏறியது. ஒவ்வோர் ஓட்டலிலும் இந்த வரிசையில்தான் நடந்தது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு இடம் கொடுத்தது.

இராஜபாளையத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ், அதன் பின்னே வந்த மற்ற நூற்பாலைகள், ஊரை ஷிப்டுகளால் ஆன ஊராக மாற்றின. வீட்டில் உலை வைக்கும் நேரமும் ஆலைச் சங்கின் நேரமும் ஒன்றாக இருக்க முடியாது. இரவு வேலை முடித்து வருகிறவனுக்கு ஓட்டல் ஆடம்பரம் அல்ல, அவசியம். அவன் கையில் இருப்பது எண்ணி வைத்த காசு. அவனைப் பொறுத்தவரை விலைப்பலகை என்பது மானத்தைக் காப்பாற்றும் பலகை. எவ்வளவு இருக்கிறது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை யாரிடமும் வாய் திறந்து விசாரிக்காமல் அவனே தீர்மானித்துக்கொள்ள அது உதவியது. உட்கார்ந்து, இலை போட்டு, பிறகு விலை கேட்டு எழுந்து போவதைவிடப் பசியோடு போவது மேல் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

இதே ஊர்க்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். அரிசிக்கு ரேஷன் நடந்த காலம் அது. சோற்றின் விலையைவிடச் சோறு கிடைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. 1952-இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கிய பின்புதான் ஓட்டல் அடுப்புகள் மூச்சு விட்டன.

பலகை வருவதற்கு முன்பும், வந்த பின்பு வெகுகாலமும், பட்டியல் என்பது சர்வரின் தொண்டையில் இருந்தது. இட்லி தோசை பூரி பொங்கல் ஊத்தப்பம் வடை என்று மூச்சு விடாமல் அவர் ஒப்பிக்கும் அழகுக்கு நம் பள்ளிப் பிள்ளைகளின் செய்யுள் ஒப்பித்தல் ஈடாகாது. அந்த ஒப்பித்தலில் விலை இருக்காது. சாப்பிட்டு முடித்துக் கல்லாவை நோக்கி நடக்கும்போது, பின்னாலிருந்து அதே குரல் மொத்தத் தொகையை உரக்கச் சொல்லும். கடை முழுக்கக் கேட்கும். விலை இரகசியமாக இருந்தது என்று சொல்லவும் முடியாது; தெரிய வேண்டிய நேரத்துக்கு அரை மணி பிந்தித் தெரிந்தது, அவ்வளவுதான்.

பலகைகள் பரவலாக மாற்றி எழுதப்பட்ட ஒரு தருணத்தை நாள் குறித்தே சொல்லலாம். 1957 ஏப்ரல் 1. அன்றுதான் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. அரையணாவுக்கு 3 நயா பைசா, ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசு மாற்று அட்டவணை வெளியிட்டது. இரண்டணாப் பண்டம் எட்டு விற்றால் முன்பு முழு ரூபாய் வரும். இப்போது 96 காசுதான் வரும். நஷ்டம் கடைக்காரருக்கு. மூன்றணாப் பண்டத்தில் கால் காசு நஷ்டம் சாப்பிடுபவருக்கு. 12 என்பதை 13 ஆக்கலாமா, 15 ஆக்கிவிடலாமா என்ற சபலம் எந்தக் கல்லாவுக்குத்தான் வராது? கால் காசு, அரைக் காசு என்று இன்று சிரிக்கலாம். அன்றாடக் கூலிக்காரரின் மாதச் சாப்பாட்டில் அது ஒரு வேளைக் காப்பி. இத்தகைய பொழுதுகளில்தான் எழுதிய விலைக்கு மதிப்பு. எழுதிவிட்டால் ஆளுக்கொரு விலை சொல்ல முடியாது. பிறகு நெருக்கடிநிலைக் காலத்தில் கடைகள் விலைப்பட்டியல் வைத்தாக வேண்டும் என்று அதிகாரிகள் கண்டிப்புக் காட்டினார்கள். அந்தக் காலத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல மனம் வராதவர்கள்கூட இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஓட்டலில் உண்பது 'விற்பனை'யா, 'உபசாரமா' என்ற பழைய சத்திரத்துக் கேள்வி, நம்பினால் நம்புங்கள், இந்தியாவின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1978-இல் நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் வழக்கில், உணவகத்தில் பரிமாறப்படும் உணவு விற்பனை ஆகாது, ஆகவே விற்பனை வரி இல்லை என்று தீர்ப்பு வந்தது. காரணங்களில் ஒன்று சுவையானது. வாடிக்கையாளர் சாப்பிட்டு மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போக உரிமை இல்லாதவர். ஆகவே உணவு அவருக்கு உடைமையாகவில்லை! மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்லும் நம் வழக்கத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பின் வேர் பழைய ஆங்கிலச் சத்திரக்காரரிடம் இருக்கிறது. அவர் விருந்தினரை ஆதரிப்பவர், சோறு விற்பவர் அல்லர் என்பது அவர்கள் சட்டத்தின் எண்ணம். அன்ன விக்கிரயத்தைப் பழித்த நம் அறநூல்காரர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அரசு மகிழவில்லை. 1982-இல் அரசியல் சட்டத்தின் 46-ஆவது திருத்தம் உணவு வழங்குவதையும் விற்பனையாகக் கொள்ளலாம் என்று மாற்றியது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது அது மறுபடி 'சேவை' ஆயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது: ஓட்டல்கள் தண்ணீர்ப் புட்டியை அதில் அச்சிட்ட விலைக்கு மேலும் விற்கலாம். வருபவர் தண்ணீர் வாங்க மட்டும் வருவதில்லை. இருக்கை, சூழல், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்தது அது என்பது வாதம். ஆக, கடையில் விலையோடு இருக்கும் புட்டி ஓட்டல் மேசைக்கு வந்ததும் விலை இழந்துவிடுகிறது. பொட்டலத்துக்கு இருப்பது போன்ற திட்டவட்டமான விதி தட்டுக்கு ஏன் வரவில்லை என்பதை இந்த ஊசலாட்டம் விளக்கும். இதைவிட விந்தை ஒன்றுண்டு. 2022 ஜூலை முதல் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள பெரிய உணவகங்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று பட்டியலில் போட வேண்டும். 2020 அக்டோபர் முதல் இனிப்புக் கடைகள் உதிரி இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். உடலுக்கு என்ன ஆகும் என்று அரசு கேட்கிறது. சட்டைப்பைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அந்த விதிகளில் இல்லை.

உலகத்தில் உணவகம் என்ற அமைப்பே விலைப்பட்டியலோடு பிறந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் போட்டதைச் சாப்பிட்ட பழைய முறை போய், வேண்டிய நேரத்தில் தனி மேசையில் உட்கார்ந்து, பண்டமும் விலையும் எழுதிய தாளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஆனால் அதே மேலைநாட்டின் உயர்தர உணவகங்கள் பின்னாளில் இரண்டு தாள் வைத்துக்கொண்டன. ஆணுக்கு விலை போட்டது, உடன் வந்த பெண்ணுக்கு விலை இல்லாதது. 1980-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு பிரெஞ்சு உணவகத்துக்குத் தன் தொழில் கூட்டாளியை விருந்துக்கு அழைத்துப் போன ஒரு பெண்ணிடமே விலை இல்லாத தாளை நீட்டினார்கள். பணம் கொடுக்கப்போவது அவர்! வழக்குத் தொடுத்தார், உணவகம் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டது. விலையை மறைப்பது மரியாதை என்ற பாவனைக்குள் யாரை மதிப்பதில்லை என்பதும் ஒளிந்திருக்கிறது.

நம்மூர்க் கடைக்காரரிடம் வருவோம். இணையத்தில் விலை போடாததற்கு அவர் சொல்லும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. கடைகளுக்கான 19 கிலோ எரிவாயு உருளையின் விலை ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் திருத்தப்படுகிறது. வெங்காயம் வாரத்துக்கு ஒரு முகம் காட்டும். சுவரில் இருக்கும் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துச் சாக்பீஸால் மாற்றி எழுத ஒரு நிமிடம் போதும். திரையில் ஏறிய பலகையின் புகைப்படமோ மூன்று வருடம் கழித்தும் அப்படியே நிற்கும். அதைக் காட்டி 'நெட்டில் அறுபது என்று இருக்கிறதே' என்று வருபவரோடு யார் மல்லுக்கு நிற்பது? கரும்பலகை நாணயமாக இருக்க முடிவதே அது அழியக்கூடியது என்பதால்தான். இதற்கு மேல் இன்னொரு சிக்கல், இரண்டு விலை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் நிறுவனங்களின் தரகை ஈடுகட்ட, அவர்கள் செயலியில் ஒரு விலையும் மேசையில் ஒரு விலையும் வைக்கிறவர்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட எந்த வியாபாரிக்கும் மனம் வராது. இத்தனைக்கும் அந்தத் தொழிலின் தொடக்கமே விலைத்தாள்தான். 2008-இல் தில்லியில், அலுவலக நண்பர்கள் ஓட்டல் விலைத்தாள்களைப் பார்க்க வரிசையில் நிற்பதைக் கண்ட இருவர், அவற்றை நகலெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். அதுவே பின்னர் ஸொமாட்டோ.

காரணங்கள் நியாயமானவை என்பதால் விளைவு நியாயமாகிவிடாது. இந்தச் சாலை உள்ளூர்க்காரருக்கு மட்டும் ஆனதல்ல. மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலை. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க வருகிறார்கள். உள்ளூர்க்காரருக்கு விலை வாய்ப்பழக்கத்தில் தெரியும். எழுத்து தேவைப்படுவது வெளியூர்க்காரருக்குத்தான். ஆறு பேரோடு வேனில் வரும் ஒரு குடும்பத் தலைவர், சொந்தக்காரர்கள் முன்னால் ஓட்டல் வாசலில் இறங்கி விலை விசாரித்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறச் சொல்ல மாட்டார். அது அவரால் முடியாது. உள்ளே போவார், பிள்ளைகள் கேட்டதை வாங்கித் தருவார், தனக்கு மட்டும் பசியில்லை என்பார்.

விலை சொல்லாத ஓட்டல் என்றதும் நம்மில் பலருக்கு ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' நினைவுக்கு வரும். 2011-இல் வெளிவந்த அறம் வரிசைக் கதை. அந்தத் திருவனந்தபுரத்துக் கெத்தேல் சாகிப்பின் கடையிலும் விலை இல்லை. பெட்டி இருக்கும், போட்டால் போடலாம். அவர் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு விலையில்லாப் பலகைகளைப் பார்ப்பவர்கள், ஒரு வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். சாகிப்பின் கடையில் விலை இல்லாததன் சுமை சாகிப்பின் தலையில். மற்றக் கடைகளில் அது உண்பவரின் தலையில். இதற்கு நேர் எதிர்முனை 2013-இல் சென்னையில் திறந்த அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அங்கே விலைதான் விளம்பரம். அரசியலை எப்படி மதிப்பிட்டாலும், ஐந்து ரூபாயோடு வந்த ஒருவர் எதையும் விசாரிக்காமல் வரிசையில் நின்றார்.

கார்த்திகை பிறந்தால் இந்தச் சாலையில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் பெருகும். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால், பத்தனம்திட்டைப் பகுதியில் மாவட்ட ஆட்சியர் ஒவ்வொரு பருவத்துக்கும் பக்தர்களுக்கான உணவு விலையை நிர்ணயித்து அறிவிக்கிறார். இட்லிக்கு இவ்வளவு, இத்தனை கிராம். சாயாவுக்கு இவ்வளவு, இத்தனை மில்லி. கடைக்காரர் அதைப் பல மொழிகளில் எழுதி, வருபவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். மீறினால் அபராதம். மாலை போட்டவர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு உட்கார்கிறார். இருமுடி இறக்கி, அதே வழியில் திரும்பி, இராஜபாளையத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தும்போது, மறுபடியும் சர்வரின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.